ஷெரிஃப் அலுவலகம்: ரோந்து வண்டி முதலா, சிறப்புப் பிரிவு முதலா? (கலிஃபோர்னியா)

#1 கரிசல்

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போல). ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு காவல் தலைவர், அவர்தான் ஷெரிஃப். சிறை, நீதிமன்றக் காவல், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கோர்ட் உத்தரவு, மலையில் தொலைந்தவரைத் தேடுவது, நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களில் ரோந்து என்று பெரும்பாலும் எல்லாமே அந்த ஒரே அலுவலகத்தின் தலையில். பெரும்பாலான கவுண்டிகளில் கொரோனர் வேலையும் (சந்தேக மரணங்களை விசாரிப்பது) ஷெரிஃபிடமே.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் ஒரு கோடி மக்கள். அங்கே ஸ்வாட் (ஆயுதத் தாக்குதல் குழு), வெடிகுண்டுப் பிரிவு, ஹெலிகாப்டர், டைவ் டீம் (நீருக்கடியில் தேடும் குழு) எல்லாம் இருப்பது புரிகிறது. இன்யோ கவுண்டிக்குப் பரப்பு 10,000 சதுர மைலுக்கு மேல், மக்கள்தொகை 19,000 மட்டுமே. அங்கேயும் அதே பட்டியலைக் கேட்கலாமா? ஒரு சிறப்புப் பிரிவைத் தொடங்கினால் ரோந்தில் எத்தனை பேர் குறைவார்கள்? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு எழுதுங்கள்.

#2 நொய்யல்

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு ரோந்துப் பகுதியில ராத்திரி பகலா ஒரு டெபுடி (ஷெரிஃபின் காவலர்) இருக்கணும்னா வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு டெபுடிக்குச் சம்பளக் கணக்கில் 2,080 மணி நேரம். விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பண்டிகை, பயிற்சி, கோர்ட்டில் சாட்சி சொல்லப் போற நாள் எல்லாம் கழிச்சா தெருவில் கிடைக்கிறது சுமார் 1,700 தான்னு வச்சுக்குங்க. வகுத்துப் பார்த்தா ஐந்துக்கு மேல வருது. அதாவது ஒரே ஒரு இடத்தை நிரப்ப ஐந்து பேர் வேணும். நாலு பகுதி இருக்கிற கவுண்டிக்கு ரோந்துக்கு மட்டும் இருபது பேருக்குக் குறையாது. சார்ஜென்ட், சிறைக் காவலர், கோர்ட் காவலர் இதுல சேர்க்கலை.

இப்ப ஸ்வாட். சின்ன, நடுத்தரக் கவுண்டிகளில் ஸ்வாட்டுக்குன்னு தனி ஆட்கள் கிடையாது. ரோந்திலும் சிறையிலும் இருக்கிறவங்களே கூடுதல் பொறுப்பாச் செய்றாங்க. மாசம் 16 மணி நேரப் பயிற்சிங்கிறது பரவலா ஏத்துக்கிட்ட குறைந்தபட்சம். 16 பேர் கொண்ட குழுன்னா வருஷத்துக்கு 3,072 மணி நேரம். மேல சொன்ன 1,700-ஆல் வகுத்தா, கிட்டத்தட்ட ரெண்டு டெபுடி தெருவிலிருந்து போயாச்சு. ஒரு தடவை கூட அழைப்பு வராத வருஷத்துக்கே இந்தக் கணக்கு. ராத்திரி அழைப்பு வந்து விடிய விடிய நின்னா, மறுநாள் பகல் ஷிப்டில் அந்த எட்டுப் பத்து இடத்தை ஓவர்டைம்ல வேற ஆளை வரவழைச்சு நிரப்பணும். பட்ஜெட் கூட்டத்தில் கவச வண்டியோட விலை மட்டும் பேசப்படும். இந்த மணி நேரத்தை யாரும் எடுத்துச் சொல்றதில்லை.

#3 தென்பாண்டி

நொய்யல் அண்ணன் கணக்கு சரி. ஆனா அந்த ஒத்தை டெபுடி ஷிப்ட் முழுக்க என்ன செய்றார்னு தெரியாம பிரிவுகளைப் பேசினா பாதிதான் புரியும்.

வண்டியை எடுக்கும் முன்னாடி பின் சீட்டைத் தூக்கி அடியில் டார்ச் அடிச்சுப் பார்க்கணும். முந்தின ஷிப்டில் ஏறின ஆள் கத்தியோ போதைப் பொட்டலமோ செருகியிருக்கலாம். கைதியை ஏத்தும் முன்னாடி ஒரு தடவை, சிறையில் இறக்கினதும் ஒரு தடவை, ரெண்டையும் உடல் கேமரா ஓடும்போதே பார்க்கணும். அப்பதான் "அது எனக்கு முன்னாடி இருந்தவனுடையது" என்கிற வாதம் கோர்ட்டில் நிக்காது. பிறகு டயர், சைரன், விளக்கு, சாலையில் வைக்கிற ஃப்ளேர், துப்பாக்கி ரேக் பூட்டு, ரத்தத்தை நிறுத்தக் கட்டுற டூர்னிக்கே, நெஞ்சுக் காயத்தை மூடுற சீல், போதை மருந்து மிஞ்சினவருக்குக் கொடுக்கிற நலாக்ஸோன். நலாக்ஸோனை டிக்கியில் போடக்கூடாது. மொஹாவி பாலைவன வெயிலில் பூட்டின வண்டிக்குள்ள வெப்பம் மருந்துக்குச் சொன்ன வரம்பைத் தாண்டிடும். ஆளோட இறங்கி ஏறுற பையில் இருக்கணும். டீசல், பெட்ரோல் எதுவானாலும் பாதித் தொட்டிக்குக் கீழே விடாம பார்த்துக்கணும். அடுத்த பங்க் அறுபது மைல் தள்ளி இருக்கிற சாலைகள் உண்டு.

வண்டியை நிறுத்தறதுன்னா, விளக்கைப் போடுறதுக்கு முன்னாடி டிஸ்பாட்சுக்கு (ரேடியோ கட்டுப்பாட்டு அறைக்கு) சொல்லணும்: இடம், நம்பர் பிளேட், நிறம், உள்ளே எத்தனை தலை. இடம்னா சாலைப் பேர் மட்டும் போதாது; மைல் கல் எண், எந்தத் திசைன்னும் சொல்லணும். மலைச் சரிவுகளில் ரேடியோ எடுக்காத இடங்கள் உள்ளூர் டெபுடிக்கு மனப்பாடமா இருக்கணும். அங்கே நிறுத்தாம ஒரு மைல் பின்னாலேயே போய், ரேடியோ எடுக்கிற இடத்தில் விளக்கைப் போடுறது நல்லது.

முன் வண்டிக்குப் பின்னால் ஒண்ணரை வண்டி நீளம் விட்டு, மூணு அடி இடப்பக்கம் தள்ளி நிறுத்தினா நடக்கிறதுக்கு ஒரு பாதுகாப்பான தடம் கிடைக்கும். ரெண்டு வண்டிக்கு நடுவில் நிக்கவே கூடாது. பின்னால் வர்றவன் தூக்கக் கலக்கத்தில் ரோந்து வண்டியை இடிச்சா நடுவில் நிக்கிறவர் காலிழப்பார், சில நேரம் உயிரையும். நெடுஞ்சாலைன்னா பயணி பக்கம் போய்ப் பேசுறது மேல். போக்குவரத்திலிருந்து தள்ளி நிக்கலாம், ஓட்டுநரோட வலது கையும் நல்லாத் தெரியும். ஓட்டுநரும் அந்தப் பக்கம் ஆள் வருவார்னு எதிர்பார்க்க மாட்டார்.

துணைக்கு அடுத்த வண்டி வர இருபது நிமிஷமோ நாற்பது நிமிஷமோ ஆகும்னு தெரிஞ்சே எல்லாத்தையும் முடிவு பண்ணணும். லாஸ் ஏஞ்சலஸ் நகர்ப்புற ஸ்டேஷனில் ரெண்டு மூணு நிமிஷத்தில் துணை வந்து நிக்கும். அங்கே ஓடுறவனைத் துரத்தலாம். இங்கே ஒத்தையாப் புதருக்குள்ள துரத்தறது பெரும்பாலும் தப்பான முடிவு. வண்டியும் நம்பரும் கையில் இருக்கு, ஆள் நாளைக்கும் கிடைப்பான்.

#4 வைகறை

தென்பாண்டி சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் வண்டியை நிறுத்தினாலும் நடந்து போகிறவரை நிறுத்தினாலும், குற்றம் தொடர்பான கேள்வி கேட்பதற்கு முன் ஏன் நிறுத்தினோம் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு. "ஏன் நிறுத்தினேன் தெரியுமா?" என்று கேட்டுத் தொடங்கும் பழைய வழக்கம் இதோடு போயிற்று. சொன்ன காரணத்தை அறிக்கையிலும் எழுத வேண்டும்.

நேரமும் முக்கியம். 2015-இல் ரோட்ரிகஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போக்குவரத்து வேலை முடிந்த பிறகு சந்தேகத்துக்குத் தனிக் காரணம் இல்லாமல் மோப்ப நாய்க்காக வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் தாமதம் ஏழு எட்டு நிமிடம்தான். ஆகவே நாய் இருபது மைல் தள்ளி இருக்கிற கவுண்டியில், டெபுடி அபராதச் சீட்டு எழுதுவதை வேண்டுமென்றே இழுத்தால் பிறகு கிடைக்கும் சான்றெல்லாம் வழக்கிலிருந்து தள்ளப்படலாம். நாய் வாங்குவதற்கு முன் ஷெரிஃப் இதையும் யோசிக்க வேண்டும். எத்தனை ரோந்துப் பகுதிகளுக்கு அந்த நாய் சீட்டு எழுதி முடிவதற்குள் போய்ச் சேரும்?

#5 கரிசல்

நன்றி. குடும்பச் சண்டை அழைப்பைப் பற்றியும் சொல்லுங்கள். ரோந்தில் மிக ஆபத்தான அழைப்பு என்கிறார்கள்.

#6 தென்பாண்டி

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தக்கூடாது. ரெண்டு வீடு தள்ளி நிறுத்தி, கதவைச் சத்தம் வராம சாத்தி, நடந்து போகணும். கதவைத் தட்டும் முன்னாடி அரை நிமிஷம் காது கொடுத்துக் கேட்டா உள்ளே எத்தனை குரல், பொருள் உடையுதா, குழந்தை இருக்கான்னு தெரியும். கதவுக்கு நேரே நிக்காம, பிடி இருக்கிற பக்கச் சுவரோரமா நிக்கணும்.

உள்ளே போனதும் ரெண்டு பேரையும் பிரிக்கணும். ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் காதில் விழக்கூடாது, ஆனா ரெண்டு டெபுடியும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற மாதிரி இருக்கணும். சமையலறையில் வச்சு விசாரிக்கக் கூடாது, கைக்கெட்டுற தூரத்தில் கத்தி இருக்கும். துணை வர்றதுக்கு நேரமாகும்னா, உள்ளே யாரும் அடிபடலைன்னு தெரியிற வரைக்கும் வெளியே நிக்கலாம். அலறல் கேட்டா நிக்க முடியாது. இதுதான் கிராமப்புற டெபுடிக்கு இருக்கிறதிலேயே கஷ்டமான முடிவு.

கழுத்தை நெரிச்சாங்களான்னு நேரா, தெளிவாக் கேட்கணும். குரல் மாறியிருக்கா, விழுங்க வலிக்குதா, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி இருக்கா, அந்த நேரத்தில் சிறுநீர் போயிருச்சா. கழுத்தில் தடம் ஒண்ணுமே இல்லாமலும் உள்ளே ரத்தக் குழாய் கிழிஞ்சிருக்கலாம், மணிக்கணக்கு கழிச்சுப் பக்கவாதம் வரலாம். அதனால "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். புது டெபுடிகள் இதைத் தவற விடுறாங்க.

#7 வைகறை

அவசரப் பாதுகாப்பு உத்தரவையும் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணியானாலும் பணியில் உள்ள நீதிபதியைத் தொலைபேசியில் அழைத்து டெபுடியே கேட்கலாம். கொடுக்கப்பட்டால் ஐந்தாவது நீதிமன்ற வேலை நாள் அல்லது ஏழாவது நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அதற்குள் பாதிக்கப்பட்டவர் நீண்டகால உத்தரவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சும்மா "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் அந்த இடைவெளியில்தான் கொலை நடக்கிறது. கண்ணில் படும் துப்பாக்கிகளையும், சம்மதத்தோடு தேடியதில் கிடைத்தவற்றையும் டெபுடி தன் பொறுப்பில் எடுக்கும்படி சட்டம் சொல்கிறது. ரசீது கொடுக்க மறக்கக் கூடாது.

#8 குறிஞ்சி

தேடல் மீட்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கலிஃபோர்னியாவில் அது ஷெரிஃபின் பொறுப்பு. இன்யோவில் 14,505 அடி உயரமான விட்னி மலையும் இருக்கிறது, கடல் மட்டத்துக்குக் கீழே 282 அடியில் டெத் வேலியின் பேட்வாட்டரும் இருக்கிறது. தேடலைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், ஷெரிஃபின் கீழ் பயிற்சி பெற்றவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலேயே அல்டடீனா, மான்ட்ரோஸ், சியரா மாட்ரே போன்ற மலையடிவார ஊர்களின் குழுக்கள் அப்படித்தான் இயங்குகின்றன.

ஆனால் தேடல் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் ரோந்து டெபுடி கையில். அவர் மலையேறத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. நடைபாதை தொடங்கும் இடத்தில் அந்த ஆளின் கார் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் அதற்குப் பக்கத்தில் தன் வண்டியை ஓட்டிப்போய் நிறுத்தக் கூடாது. காரிலிருந்து பாதைக்குப் போகும் முதல் காலடித் தடம் அங்கேதான் இருக்கும், அதன் மேலே டயர் ஏறினால் அந்த ஆளின் செருப்பு எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். தடம் கிடைத்தால் பக்கத்தில் அளவுகோலோ டாலர் நோட்டோ வைத்துப் படம் எடுத்து, சுற்றி நாடா கட்ட வேண்டும். கார் சீட்டு நல்ல வாசனைச் சான்று, ஆகவே உள்ளே யாரும் உட்காரக் கூடாது. வீட்டிலிருந்து வாசனைக்குத் துணி எடுப்பதென்றால் துவைக்காத காலுறையோ தலையணை உறையோ எடுக்கலாம். எடுக்கிறவர் வெறும் கையால் தொடாமல், புதிய பையைத் தலைகீழாகக் கையில் மாட்டி அள்ளி மூட வேண்டும். அம்மாவோ மனைவியோ பாசத்தோடு மடித்துக் கொடுக்கும் சட்டையில் அவர்கள் வாசனைதான் மேலாக இருக்கும்.

குடும்பத்திடம் கேட்க வேண்டியவை: கடைசியாகப் பார்த்த நேரமும் இடமும், செருப்பின் அளவு, எடுத்துப்போன தண்ணீர், தினசரி மருந்து, போன் மாடல், எவ்வளவு சார்ஜ் இருந்தது. தொலைந்தவரோடு போனில் பேச முடிந்தால் அவசர எண்ணான 911-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். அந்த அழைப்போடுதான் இருப்பிடம் டிஸ்பாட்சுக்கு வந்து சேரும். வேறு யாரிடமும் பேசி சார்ஜைத் தீர்க்க வேண்டாம், இருக்கும் இடத்தை விட்டு நகர வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். இருட்டியதும் பதற்றத்தில் இறங்க ஆரம்பிப்பவர்கள்தான் பாறை விளிம்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் மணி நேரத்தில் இன்னொன்று: பாதைகள் சாலையைத் தொடும் இடங்களில் ஆள் நிறுத்துவது. உள்ளே தேடிக்கொண்டிருக்கும்போது அவர் வேறு வழியாக இறங்கி யாரோ ஒருவர் காரில் ஏறிப் போய்விட்டால், நூறு பேர் இரண்டு நாள் காலி மலையைத் தேடுவார்கள்.

#9 கரிசல்

ஹெலிகாப்டரும் ட்ரோனும் இருந்தால் இதெல்லாம் சுலபம் இல்லையா?

#10 குறிஞ்சி

உதவும், ஆனால் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. வெப்பக் கேமரா மனிதனுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைத்தான் காட்டும். பாலைவனத்தில் பகலில் பாறை மனித உடம்பை விடச் சூடு. வெயிலில் காய்ந்த கிரானைட் நள்ளிரவு தாண்டியும் சூடாகவே இருக்கும், திரையெங்கும் ஆட்களாகத் தெரியும். விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். பேட்டரி ஒன்றுக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும், குளிரில் அது இன்னும் குறையும். ஆறு பேட்டரியும் சார்ஜ் செய்ய ஒரு ஜெனரேட்டரும் இல்லாத ட்ரோன் பிரிவு பெயரளவுக்குத்தான்.

ஹெலிகாப்டருக்கு உயரம் பகை. மேலே போகப் போகக் காற்று மெலியும், வெயில் ஏறினால் இன்னும் மெலியும், ஒரே இடத்தில் நிற்கும் சக்தி குறையும். மதியம் முடியாத மீட்பு அதிகாலையில் முடியும். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃபின் ஏர் ரெஸ்க்யூ 5 இரட்டை என்ஜின் கொண்ட சூப்பர் ப்யூமா. இன்யோ நெடுஞ்சாலை ரோந்துப் படையையோ நேஷனல் கார்டையோ (மாநில ராணுவப் படை) கேட்டு வாங்கும். கீழே நிற்கிற டெபுடி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: மேலிருந்து இறங்கும் கொக்கியைத் தாவிப் பிடிக்கக் கூடாது. ரோட்டார் சுழற்சியில் சேர்ந்த நிலை மின்சாரம் முதலில் தரையிலோ தண்ணீரிலோ இறங்கட்டும்.

#11 சங்கு

டைவ் டீம் பற்றி. ஏரியிலும் கால்வாயிலும் போலீஸ் டைவர் பெரும்பாலும் கண்ணால் தேடுவதில்லை, கையால் தேடுகிறார். தெளிவு பூஜ்யம். கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுப்பு எண்ணிக்கையால் நில், திரும்பு, மேலே வா என்று சொல்வார். டைவர் அந்தக் கயிறு விறைப்பாக இருக்கும்படி வில்போல வளைந்து தடவிக்கொண்டே போவார். ஒவ்வொரு வளைவுக்கும் கயிற்றை இரண்டு மூன்று அடி விட வேண்டும், கை அகலத்தை விட அதிகம் விட்டால் நடுவில் துப்பாக்கி தப்பிவிடும். ஒரு டைவர் தண்ணீருக்குள், இன்னொருவர் முகமூடி மட்டும் போடாமல் முழுக்கத் தயாராகக் கரையில், மூன்றாமவர் ஏறக்குறைய தயாராக. ஒவ்வொருவருக்கும் கயிறு பிடிக்கத் தனி ஆள். ஒரே ஒரு டைவரை இறக்க ஆறேழு பேர் வேண்டும். நொய்யல் அண்ணன் போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

தண்ணீரிலிருந்து எடுத்த துப்பாக்கியைத் துடைத்துக் காயவைப்பது பெரிய தவறு. காற்றுப் பட்டதும் துரு பாய்ந்துவிடும், தோட்டா ஒப்பீட்டுக்கு வேண்டிய கோடுகள் போய்விடும். அதே ஏரித் தண்ணீரில், அதே பாத்திரத்தில் மூழ்கவைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உள்ளே குண்டு இருக்கலாம் என்று பாத்திரத்தின் மேல் எழுத வேண்டும்.

மூழ்கி ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் குளிர்ந்த நீர் என்றால் பிழைக்க வாய்ப்பு உண்டு, அவசரம் நியாயம். அதற்கப்புறம் உடலை எடுப்பதுதான். உடலுக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. குடும்பம் கரையில் அழுதுகொண்டு நிற்கும்போது குழுத் தலைவர் இந்த முடிவில் உறுதியாக நிற்க வேண்டும்.

#12 தென்பாண்டி

நொய்யல் அண்ணே, ஒரு இடத்தில் உங்களோட ஒத்துப்போக முடியலை. இன்யோ மாதிரி இடத்துக்குச் சின்னதா ஒரு தாக்குதல் குழுவாவது வேணும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இன்யோவில் இருக்கிற லோன் பைனுக்கு 200 மைலுக்கு மேல. பக்கத்துக் கவுண்டிக்காரன் கிளம்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

#13 நொய்யல்

எது முடிஞ்சிடும்ங்கிறதுதான் கேள்வி, தம்பி. ரெண்டு வகை இருக்கு. ஒருத்தன் துப்பாக்கியோட வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டான், உள்ளே வேற யாரும் இல்லை. இதுல அவசரம் நமக்கு இல்லை. வீட்டோட எதிரெதிர் மூலையில் ரெண்டு டெபுடி நின்னா நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும். ஒருத்தர் சுட்டா இன்னொருத்தர் மேல படாத கோணத்தைப் பார்த்துக்கணும். மூணாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரங்களைப் பின்வாசல் வழியா வெளியேத்தணும். நாலாவது ஆள் வீட்டு ஜன்னலுக்குத் தெரியாத இடத்தில் நின்னு போனில் பேசணும். இப்படி ஆறு மணி நேரம் கூட நிக்கலாம். அதுக்குள்ள 200 மைல் தள்ளி இருக்கிற குழு வந்துடும். உள்ளே இருக்கிறவர் ஒரு குற்றமும் செய்யாம, தன்னைத்தானே சுட்டுக்கப் போறார்னா, சில சமயம் பின்வாங்கிப் போறதே சரி.

இன்னொரு வகை, பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் சுட்டுக்கிட்டு இருக்கான். 1999 கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் நாடு முழுக்கக் கத்துக்கொடுக்கிறது, முதலில் வந்தவங்க உள்ளே போகணும்னு. 2022 மே 24-ல் டெக்சஸ் யுவால்டியில் கடைசியா 376 போலீஸ் கூடியிருந்தாங்க. கொலைகாரன் வந்து 77 நிமிஷம் கழிச்சுத்தான் அந்த வகுப்பறைக் கதவைத் திறந்து அவனை வீழ்த்தினாங்க. பத்தொன்பது குழந்தைகள், ரெண்டு ஆசிரியைகள். அங்கே ஆளுக்கோ ஆயுதத்துக்கோ குறை இல்லை. இந்த வகைக்கு ஸ்வாட் வர்றதுக்குள்ள முடிஞ்சே போயிடும், அது எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும். அதனால பணம் இருந்தா ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் ரைஃபிள் தாங்குற மார்புத் தகடு, கதவை நெம்புற ஹாலிகன் கம்பி, ஒரு கேடயம், உள்ளூர்ப் பள்ளிகளோட வரைபடமும் சாவியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை எல்லா டெபுடிக்கும் அந்தப் பள்ளிகளிலேயே பயிற்சி.

காத்திருக்க முடியாததை ரோந்துக்கே கத்துக்கொடுக்கணும். காத்திருக்கக் கூடியதைக் கடன் வாங்கலாம். நான் சொல்றது இவ்வளவுதான்.

#14 தென்பாண்டி

பள்ளி விஷயத்தில் ஒத்துக்கிறேன். ஆனா ஆபத்தான ஆளோட வீட்டில் வாரண்ட் நிறைவேத்துறதுன்னு ஒண்ணு இருக்கே. மாசத்துக்கு ஒண்ணாவது வரும். அதையும் ரோந்து டெபுடி பூட்ஸோட போய்க் கதவைத் தட்டணுமா?

#15 நொய்யல்

வாரண்டுக்கு நாள் நாம குறிக்கிறது. ரெண்டு மூணு கவுண்டி சேர்ந்து ஒரே குழு வச்சுக்கலாம், ஆளுக்கு நாலைந்து பேர் கொடுத்தா போதும். பல நேரம் அந்த ஆள் பால் வாங்க வெளியே வரும்போது சாலையில் பிடிக்கிறது வீட்டுக்குள்ள போறதை விடப் பாதுகாப்பு. நீங்க சொல்ற சின்னக் குழு இந்தக் கூட்டுக்குள்ள வருதுன்னா எனக்கும் சம்மதம். தனியா எட்டுப் பேர் வச்சு, அதுல ரெண்டு பேர் லீவு, ரெண்டு பேர் ஷிப்டில் இருந்தா, மிச்சம் நாலு பேரோட யாரும் எந்த வீட்டுக்குள்ளயும் போகக்கூடாது.

#16 சங்கு

வெடிகுண்டுப் பிரிவுக்கு நொய்யல் சொன்னது அப்படியே பொருந்தும். டெக்னீஷியன் ஆக அலபாமா ஹன்ட்ஸ்வில்லில் உள்ள எஃப்.பி.ஐ. பள்ளிக்குப் போக வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சான்று வாங்க வேண்டும். ரோபோ, எக்ஸ்ரே, முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் உடை, எல்லாவற்றையும் சின்னக் கவுண்டியால் தாங்க முடியாது, தாங்கவும் தேவையில்லை. ரோந்து டெபுடியின் வேலை தூரம் காப்பது. பைப் வெடிகுண்டு அளவுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு: 70 அடிக்குள் யாரும் இருக்கவே கூடாது, வெட்டவெளியில் 1,200 அடி தள்ளிப் போவது நல்லது. குண்டு என்று சந்தேகப்படும் பொருளுக்கு அருகே நின்று ரேடியோவிலும் போனிலும் பேசாமல், 300 அடியாவது விலகி வந்து பேச வேண்டும். தான் நிற்கப் போகும் இடத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாவது குண்டு அங்கே இருக்கலாம்.

தாத்தா போருக்குப் போய்க் கொண்டுவந்த கையெறி குண்டு பரணில் கிடைத்தது என்று வரும் அழைப்புகள் ஏராளம். அந்த வீட்டுக்காரரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். கீழே வைக்கச் சொல்லி, எல்லோரும் வெளியே வர வேண்டும். டெபுடி அதை வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவரக் கூடாது. 2025 ஜூலை 18-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் பயிற்சி மையத்தில் நடந்த வெடிப்பில் இறந்த மூன்று பேரும் தீவைப்பு, வெடிபொருள் பிரிவைச் சேர்ந்தவர்கள், ஷெரிஃப் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால், ரோந்து டெபுடி அதைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது.

#17 வைகறை

நாய்ப் பிரிவுக்கு இரண்டு வரி. 2016-இல் வாக்கெடுப்பில் கஞ்சா சட்டபூர்வமானதும், கஞ்சா வாசனை கற்ற நாய்கள் வண்டித் தேடலுக்குச் சிக்கலாயின. நாய் உட்கார்ந்தால் எதற்கு உட்கார்ந்தது என்று அது சொல்லாது, கற்றதை மறக்கடிப்பதும் நடைமுறையில் முடியாது. அதனால் புதிய நாய்களுக்கு அந்த வாசனையைக் கற்றுத்தராமலே விடுகிறார்கள். வாரம் நான்கு மணி நேரமாவது பராமரிப்புப் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் தவறிய முயற்சிகள் உட்படப் பதிவேடு. தவறுகளை எழுதாத பதிவேட்டை எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரத்தில் கிழித்துவிடுவார். வீட்டில் நாயைக் குளிப்பாட்டித் தீனி போடும் நேரத்துக்கும் ஊதியம் உண்டு, பட்ஜெட்டில் அதை விட்டுவிட்டுப் பிறகு வழக்கில் மாட்டிய அலுவலகங்கள் உண்டு.

#18 கரிசல்

இங்கே சென்ட்ரல் வேலிப் பக்கம் வேறு ஒரு பிரிவு பலன் தருகிறது: விவசாயக் குற்றப் பிரிவு. ஃபிரெஸ்னோ, டுலாரி கவுண்டிகளில் இருக்கிறது. தண்ணீர் பம்பின் செப்புக் கம்பி, டிராக்டரின் ஜி.பி.எஸ். கருவி, தேனீப் பெட்டி, லாரி லாரியாகப் பாதாம், பிஸ்தா திருட்டு. சில நூறு டாலர் செம்புக்காகப் பல ஆயிரம் டாலர் பம்பைச் சிதைக்கிறார்கள், பூக்கும் பருவத்தில் தண்ணீர் நின்றால் இழப்பு அதைவிடப் பெரிது. இரண்டு மூன்று டெபுடி போதும். அவர்களுக்கு எந்தப் பழைய இரும்புக் கடைக்காரர் யார், எந்தப் பண்ணையில் எந்த வாரம் அறுவடை என்று தெரிந்திருக்க வேண்டும். உடைமைக்காரர் எண்ணைக் கருவிகளில் பொறித்து வைத்தால் எங்கே சிக்கினாலும் ஷெரிஃப் அலுவலகம் வழியாக உரியவரைக் கண்டுபிடிக்கலாம். ஸ்வாட் அளவுக்குச் செய்தியில் வராது, ஆனால் வாரந்தோறும் வேலை இருக்கிறது.

கடன் வாங்குவதைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு முறை இருக்கிறதா, இல்லை தெரிந்தவரைக் கூப்பிடுவதா?

#19 வைகறை

முறை இருக்கிறது. 1950-இல் கையெழுத்தான மாநிலப் பரஸ்பர உதவி ஒப்பந்தம். காவல் உதவிக்கு மாநிலம் ஏழு மண்டலம். கவுண்டிக்குள் ஒருங்கிணைப்பவர் ஷெரிஃப். அவரால் முடியாதபோது மண்டல ஒருங்கிணைப்பாளரான இன்னொரு ஷெரிஃபிடம் கேட்பார், அதுவும் போதாவிட்டால் மாநில அவசரச் சேவை அலுவலகம். கேட்கும்போது "ஆள் அனுப்புங்கள்" என்று கேட்டால் தவறான ஆள் வருவார். என்ன வேலை, எத்தனை பேர், என்ன தகுதி, எத்தனை மணி நேரம், எங்கே வந்து சேர வேண்டும், எந்த ரேடியோ அலைவரிசை, சாப்பாடு, படுக்கை யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்க வேண்டும். அலைவரிசை பொருந்தாமல் பக்கத்துக் கவுண்டிக்காரர் மணிக்கணக்கில் சும்மா நிற்பதுதான் அடிக்கடி நடப்பது.

உங்கள் கவுண்டியின் நிலையை நீங்களே பார்க்க வழியும் இருக்கிறது. 2021-இல் இயற்றப்பட்ட ஏ.பி. 481 சட்டப்படி கவச வண்டி, ட்ரோன், சத்த வெடி போன்றவற்றுக்கு மேற்பார்வையாளர் குழுவின் ஒப்புதலைப் பொதுக் கூட்டத்தில் ஷெரிஃப் வாங்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கையும் தர வேண்டும். எத்தனை, எதற்குப் பயன்பட்டது, பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஆன செலவு எல்லாம் அதில் வரும். அதை எடுத்து, அதே வருடத்து ரோந்துக் காலிப் பணியிடங்களையும் ஓவர்டைம் தொகையையும் பட்ஜெட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பொதுமக்கள் பேசும் மூன்று நிமிடத்தில் அந்த இரண்டு எண்களை மட்டும் வாசித்து, இரவு ஷிப்டில் குறைந்தபட்சம் எத்தனை வண்டி என்று கேளுங்கள்.